ஊறுகாய் தின்னும் பூனை

அத்தியாயம் 12

போன வாரம் விருந்து முடிந்து, கணவனும் மனைவியும் மலைபோல் குவிந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். விருந்து ஜோராக நடந்ததில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நாலு வரி. வீட்டில் எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிடும் நம் நாயகி ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மண்புழுவை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை ஒரு வருஷத்துக்கு வருகைதரு ஆய்வாளராக அழைத்தது. மேஜை கொடுத்தது, சாவி கொடுத்தது, புழுக்களுக்கென்று தனி அறையே கொடுத்தது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சொந்த ஊர் அறக்கட்டளை ஒன்று உதவித்தொகை கொடுத்தது. அதை ஒரு ஆளுக்கென்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இவர்கள் மூன்று பேராகப் புறப்பட்டுப் போனார்கள். புருஷனையும் பெண்ணையும் வருஷம் பூராவும் விட்டுவிட்டு இருக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கணவர் ஊரில் பல் செட் கட்டுகிறவர். இங்கே மனைவியின் விசாவில் வந்திருப்பதால் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்த மனுஷன் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சமையலைப் பார்க்கிறார். பதினான்கு வயதாகியும் 'பாப்பா' என்றே அழைக்கப்படும் கொடுமைக்கு ஆளானவள் அவர்களுடைய ஒரே மகள்.

இனி, டாக்டரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கத் துறையில் கூட்டம் போட்ட நாளுக்குப் போவோம்.

காலையில், அவர்கள் குடியிருக்கும் ஒற்றை மாடி அறையில் ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. பாப்பா பாடம் எழுதும் நேரத்தில் மட்டும் அது எரியலாம் என்பது வீட்டுச் சட்டம். மூவரும் கோட்டுப் போட்டபடியே ரொட்டி தின்றார்கள். கூரை சரிந்து இறங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்தபோது வழக்கம்போல் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

"இத்தனை மாசமாச்சு. இன்னும் அந்தக் கட்டை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"அதுக்கு என்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர், தலையைத் தேய்த்துக்கொண்டே.

பாப்பா ரொட்டியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, இன்னிக்கு உன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்கல்ல? வீட்டைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

"மண்புழுவைப் பத்திதான் கேப்பாங்க."

"வீட்டைப் பத்திக் கேட்டா?"

"பேசாம சாப்பிடு."

பாப்பா பேசாமல்தான் சாப்பிட்டாள். ஆனால் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே கன்றிப் போயிருந்த இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தடவிக் கொடுத்தாள்.

அந்தக் கன்றலுக்கு ஒரு கதை உண்டு. விருந்துக்கு மாடி அறை போதாது. நாலு பேர் வந்தால் ஐந்தாமவர் படுக்கைமேல் நிற்க வேண்டும். கீழ்வீட்டு அம்மா நல்ல மனசுக்காரி. "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், என் ஹாலை எடுத்துக்கோங்க, தட்டு டம்ளர் எல்லாம் எடுத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பற்றாத நாற்காலிகளைத் துறை அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார்கள். வந்தவர்கள் வாசல் வழியாக நேரே ஹாலுக்குள் நுழைந்தார்கள். நீள மேஜை, பூப்போட்ட தட்டுகள், சுவரில் சட்டம் போட்ட படங்கள். "அருமையான வீடு!" என்றார் துறையின் நிதிக்குழுத் தலைவர். இந்தக் குடும்பம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நிதி ஐயா.

டாக்டர் சிரித்தாள். சிரித்தது மட்டும்தான் அவள் செய்த குற்றம். "இது எங்க..." என்று பாப்பா ஆரம்பித்தபோது மேஜைக்கடியில் ஒரு கால் நீண்டது. சரி, அதையும் சேர்த்தால் இரண்டு குற்றம்.

*

புழு அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. மண்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அங்கே மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். ஈரச் சாக்கு மூடிய மண்பெட்டிகள் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தன. டாக்டர் ஒரு பெட்டியை இறக்கி, சின்னக் கரண்டியால் மண்ணை ஒதுக்கிப் பார்த்தாள். மஞ்சளாக, எலுமிச்சை விதையைவிடச் சிறியதாக ஒரு முட்டைக்கூடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அது ஆலைக்கழிவு பாய்ந்து பாழாய்ப்போன மண். அதில் புழு உயிரோடு இருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இவளுடைய புழுக்கள் இருந்தன. முட்டையும் வைத்துவிட்டன. இனி அவை பொரித்து, குஞ்சுகள் வளர்ந்து, அவையும் முட்டை வைத்தால்தான் அந்த மண்ணில் புழு குடியேறிவிட்டது என்று எழுத முடியும். அதுவரை அவையும் வந்து போகும் விருந்தாளிகள்தான். அதற்கு இன்னும் மூன்று மாதம் வேண்டும். உதவித்தொகையோ இந்த மாதத்தோடு முடிகிறது. செலவுக்கு வழி காட்டினால்தான் தங்கும் அனுமதியை நீட்டிப்பார்கள். வழி இல்லையென்றால், பெட்டிகளைக் குப்பையில் கவிழ்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் தொடங்கியதையும் சேர்த்தால் நாலு வருஷ உழைப்பு அது. புழுக்களைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோக முடியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. ஊர் விட்டு வந்து செலவுக்கு முட்டுகிற ஆய்வாளர்களுக்காக, எப்போதோ ஒரு பழைய பேராசிரியர் துறைக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பணம். வருஷத்துக்கு ஒருவருக்கு, மூன்று மாதச் செலவு. டாக்டர் விண்ணப்பம் போட்டிருந்தாள். புழுக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், 'உங்கள் பொருளாதாரச் சிரமத்தை விளக்குக' என்ற இடத்தில் 'சமாளித்து வருகிறோம்' என்று ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டாள். இன்று மூன்று மணிக்குக் கூட்டம்.

கதவு மெதுவாகத் திறந்தது. அவளை அழைத்த பேராசிரியை, பெரிய மேடம், தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அவர்கள் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் தருகிறேன்.

"எல்லாம் சௌகரியமா இருக்கா?"

"ஒண்ணும் குறையில்லை மேடம்."

கதவு மூடிக்கொண்டது. வந்த நாளிலிருந்து வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் டாக்டருக்குச் சுரீரென்றது. இன்று ஒரு நாளாவது வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது.

*

மதியம் மறுபடி கதவு திறந்தது. கணவர். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"என்னங்க, நீங்க இங்க எங்க?"

"நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்." கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "ஆபீஸ் அம்மா என்னை உக்காரவெச்சு டீ கொடுத்தாங்க. டிபார்ட்மென்ட் பூரா நம்ம விருந்தைப் பத்திதான் பேச்சாம்."

"நல்லதுதானே."

"முழுசாக் கேளு. நிதி ஐயா சொல்லிட்டுத் திரியறாராம். அவ்வளவு பெரிய வீடு, அந்த மேஜை, அந்தத் தட்டு. இவங்களுக்கு எதுக்கு அந்தப் பணம், நிஜமா கஷ்டப்படறவங்க யாராவது இருந்தாக் கொடுப்போம்னு."

டாக்டரின் கையிலிருந்த கரண்டி மண்ணில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அது எங்க வீடுன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. இல்லைன்னும் சொல்லல."

"நீங்களும்தான் சொல்லல!"

"நானும்தான். ஒத்துக்கறேன். என் சமையலை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரா, அதுக்கு மேல எனக்கு எதுவும் காதுல விழல." அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம காசைப் போட்டு, நாமே சமைச்சு, நாமே பரிமாறி, நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோம்."

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போய் உண்மையைச் சொல்லிடு" என்றார் கணவர்.

"என்னன்னு? ஐயா, எங்ககிட்ட ஒண்ணுமில்ல, பார்த்துப் போடுங்கன்னா? நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குங்க எனக்கு. அவங்க முன்னாடி நான் ஒரு ஆய்வாளரா உக்காந்திருக்கேன். கையேந்திட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"பல் போனவங்க எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்காங்க, டாக்டர். சில பேர் உக்காந்த உடனே கைக்குட்டையால வாயைப் பொத்திக்குவாங்க. வெக்கம். நான் சொல்லுவேன், வெக்கப்படுங்க, தப்பில்ல, ஆனா வாயைத் திறந்துக்கிட்டு வெக்கப்படுங்க. இல்லாட்டி நான் எப்படி அளவெடுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை அது. மண்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறாகிவிட்டது. அவர் தன் கோட்டுக் கையால் துடைத்துவிட்டார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் இளைத்துப்போயிருப்பது அவளுக்கு இப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. இவர் எப்போதிலிருந்து 'எனக்குப் பசியில்ல' என்று சொல்ல ஆரம்பித்தார்?

"சரி, போறேன்" என்றாள்.

*

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில், கூட்ட அறைக்கு வெளியே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாட்டிலிருந்து இதே துறைக்கு வந்த ஆய்வாளர். அதே பணத்துக்கு விண்ணப்பித்திருந்த இன்னொருவர். துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒழுங்காகச் சீவிய தலையோடு, முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

இவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விருந்தன்று எல்லோரும் கிளம்பிய பிறகு இவர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "மீதி ஏதாவது இருந்தா கொஞ்சம் கொடுக்க முடியுமா? வீட்ல ஒரு பூனை இருக்கு." மீதி இருந்தது சோறும் பருப்பும் காய்கறியும். கணவர் டப்பாவில் நிரப்பினார். "அந்த ஊறுகாயும் கொஞ்சம்" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "பூனைக்குப் பிடிக்கும்."

கதவைச் சாத்திய பிறகு பாப்பா சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவும் அப்பாவும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துப் பாப்பாவும் நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் இந்த வீட்டில் பூனைக்காரர்.

டாக்டரைக் கண்டதும் அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதற்குள் உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நிதி ஐயா நடுவில், பெரிய மேடம் ஜன்னல் பக்கம், ஆபீஸ் அம்மா ஓரத்தில். நிதி ஐயா அவளைப் பார்த்ததும் மலர்ந்தார். "வாங்க, வாங்க. அந்தச் சாப்பாட்டை நான் இன்னும் மறக்கல."

"அதைப் பத்திதான் ஐயா பேச வந்தேன்." வாயைத் திறந்துக்கிட்டு வெக்கப்படுங்க, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "அந்த வீடு எங்களோடது இல்லை."

"வாடகைன்னு தெரியும்..."

"வாடகையும் இல்லை. அது கீழ்வீட்டு அம்மாவோட ஹால். நாங்க மாடியில ஒரே அறையில இருக்கோம்."

"அந்த மேஜை?"

"அவங்களோடது."

"பூப்போட்ட தட்டு?"

"அவங்களோடது."

"நாற்காலி?"

"அது உங்களோடதுதான் ஐயா" என்றாள் டாக்டர். "டிபார்ட்மென்ட் நாற்காலி. இன்னிக்குத்தான் திருப்பிக் கொடுத்தோம்."

ஆபீஸ் அம்மா இருமுவதுபோல் குனிந்துகொண்டாள். நிதி ஐயா சிரிக்கவில்லை. "அப்ப உங்களோடது?"

"சாப்பாடு மட்டும்தான். அதுல ஒரு மாச மளிகை போயிடுச்சு. ஒரு ஆளுக்குக் கொடுத்த தொகையில நாங்க மூணு பேர் இருக்கோம். என் பொண்ணு வீட்டுக்குள்ள கோட்டுப் போட்டுட்டுச் சாப்பிடறா. என் வீட்டுக்காரர் பசியில்லைன்னு பொய் சொல்றார். அடுத்த மாசம் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

நிதி ஐயாவின் முகம் சிவந்தது. அவர் அன்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெரிய மேடம் ஜன்னலை விட்டு எழுந்து வந்தார்.

"வாரம் தவறாம நான் உங்களைக் கேட்டேனே. இன்னிக்குக் காலையில கூடக் கேட்டேனே."

"அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான் தெரியும் மேடம். சின்ன வயசுல கத்துக் கொடுத்தது. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல."

பெரிய மேடம் அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

நிதி ஐயா தொண்டையைச் செருமினார். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. வெளியில இருக்கற இன்னொருத்தருக்குப் பெருசா கஷ்டம் ஒண்ணும் இருக்கற மாதிரி தெரியல. அவரும் சமாளிக்கிறேன்னுதான் எழுதியிருக்கார். பூனை எல்லாம் வளர்க்கறாராம். பூனை வளர்க்கணும்னா இந்த ஊர்ல எவ்வளவு செலவு தெரியுமா?"

ஊறுகாய் தின்னும் பூனை எது என்று டாக்டருக்குத் தெரியும்.

பேசாமல் இருந்தால் போதும். பணம் கைக்கு வந்தமாதிரிதான். முட்டைகள் பொரிக்கும், குஞ்சுகள் வளரும், ஹீட்டர் எரியும், அவர் வயிறார ஒரு வாய் சாப்பிடுவார். பூனை இல்லை என்று சொன்னால்? அது அவளுடைய ரகசியம் இல்லையே. பிறத்தியாருடைய பசியை அவருக்குத் தெரியாமல் மேஜைமேல் கொட்டுவது என்ன நியாயம்? இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

"நன்றி ஐயா" என்று எழுந்தாள்.

"அவரை வரச் சொல்லுங்க" என்றார் நிதி ஐயா.

*

தாழ்வாரத்தில் கணவர் வந்து சுவரோரமாக நின்றிருந்தார். புருவத்தை உயர்த்தி, 'என்ன ஆச்சு?' என்று கேட்டார். அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பூனைக்காரர் முன்னால் நின்றாள்.

அவர் எழுந்து, துணிப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து நீட்டினார். கழுவித் துடைத்து, மூடிக்குள் சின்னக் காகித நாப்கின் ஒன்றை மடித்துவைத்திருந்தார்.

"இதைத் திருப்பிக் கொடுக்கணும்னு இருந்தேன். ரொம்ப ருசியா இருந்துச்சு. அதாவது... பூனை மிச்சம் வைக்கவே இல்ல."

டாக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அது அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"அன்னிக்கு நீங்க வந்தீங்களே, அந்த வீடு எங்களோடது இல்லை" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"இரவல் ஹால். இரவல் தட்டு. நாங்க மாடியில ஒரு அறையில இருக்கோம், ஹீட்டரை அணைச்சு வெச்சுட்டு. இவ்வளவு நாளும் ஒண்ணும் குறையில்லைன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்பதான் உள்ள போய் உண்மையைச் சொல்லிட்டு வரேன். சொல்றதுக்கு முன்னாடி செத்துடலாம்னு இருந்துச்சு. சொன்னதுக்கப்புறம் ஒண்ணும் ஆகல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்குப் பூனை இருக்கறதால வசதியா இருக்கீங்கன்னு அவங்க நினைக்கறாங்க. நான் எதுவும் சொல்லல. நீங்க சொல்லிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். கழுத்திலிருந்து மெல்ல மெல்ல முகம் முழுக்கச் சிவந்தது.

"நான் சொன்னா, உங்களுக்கு..."

"தெரியும். போங்க, கூப்பிடறாங்க."

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கணவர் பக்கத்தில் வந்தார். "என்ன டாக்டர், கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

இருவரும் அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். உள்ளே பேச்சுக் குரல் தாழ்ந்து கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. டாக்டர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் மூடியைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து மூடினாள். கணவர் அதன்மேல் கையை வைத்து நிறுத்தினார்.

அப்போதுதான் நிதி ஐயாவின் குரல் கதவைத் தாண்டித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"என்னது! பூனையே இல்லையா?"

கணவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவள் செய்துவிட்டு வந்த காரியம் அவருக்குப் புரிய அவ்வளவு நேரம்தான் ஆனது. திட்டப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அவரையும் கூப்பிடலாமா?" என்று கேட்டாள் டாக்டர், நிமிராமலே.

"கூப்பிடு" என்றார் அவர். "மாடிக்கு. அந்தக் கட்டையைப் பத்தி மட்டும் முதல்லயே சொல்லி வெச்சுடு."